ஆறாவது ஆடுகளம்

விளையாட்டுகளுள் சில கூடி ஆடப்படுவன. சில தனித்து ஆடப்படுவன. காற்பந்தாட்டத்தில் ஒருவன் தவறிழைத்தால் அதனை ஈடுசெய்ய அவன் அணியில் இன்னும் பத்துப் பேர் உளர். டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் அத்தகைய அடைக்கலம் இல்லை. 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட அந்தச் செவ்வகத்தில், நடுவே கட்டிய வலைக்கு இப்பால் நிற்பவன் ஒருவன். அப்பால் நிற்பவன் ஒருவன். வென்றால் புகழ் முழுவதும் அவனுக்கே. தோற்றால் பழி முழுவதும் அவனுக்கே. ஏழு அல்லது எட்டு வயதில் மட்டையைக் கையிலெடுக்கும் சிறுவன், பதினெட்டு வயது வரை பெரும்பாலும் இந்தத் தனிமையிலேயே வளர்கிறான். தன் வெற்றியைத் தானே தேடிக்கொள்ளவும் தன் தோல்வியைத் தானே சுமக்கவும் அவன் பழகிவிடுகிறான்.

அப்படி வளர்ந்தவன் கல்லூரி வாசலை மிதித்ததும் அவனுடைய உலகம் மாறிவிடுகிறது. சட்டையில் அவன் பெயருக்குப் பதிலாகக் கல்லூரியின் பெயர் பொறிக்கப்படுகிறது. அவன் வெற்றி அவனுக்கு மட்டும் உரியதன்று; அவன் தோல்வியும் அவனோடு முடிவதன்று. இத்தனை ஆண்டுகள் தனக்காக மட்டும் ஆடியவன், இனித் தன் தோழர்களுக்காகவும் ஆட வேண்டும். இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுமா? அமெரிக்க நாட்டின் கல்லூரி டென்னிஸ் அணிகள் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் சந்திக்கும் பருவத் தொடக்கப் போட்டிகள் இந்த வினாவுக்கு விடை தேடும் முதற்களங்களாக விளங்குகின்றன.

அந்நாட்டில் கல்லூரி டென்னிஸின் வரலாறு நெடியது. 1883 ஆம் ஆண்டில் கல்லூரிகளுக்கிடையிலான முதல் வாகையர் போட்டி நடைபெற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவரான ஜோசப் கிளார்க் அவ்வாண்டு ஒற்றையர் பட்டம் வென்றவர்களுள் ஒருவர். இங்கிலாந்தில் விம்பிள்டன் போட்டி தொடங்கி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பின்னர் நெடுங்காலம் வரை, தனியாட்டக்காரர்கள் ஈட்டிய வெற்றிகளைக் கூட்டிப் பார்த்தே எந்தக் கல்லூரி சிறந்தது என்று முடிவு செய்தனர். மே மாதத்தில் நடைபெறும் தேசிய வாகையர் போட்டியில், ஆடவர் அணிகள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதும் முறை 1977 ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அவ்வாண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பட்டம் பெற்றது. பருவத்தின் முற்பகுதியில் நடைபெறும் தேசிய உள்ளரங்க அணிப் போட்டியோ அதற்கும் முன்பே, 1973 ஆம் ஆண்டிலேயே, ஆடவர்க்காகத் தொடங்கப்பெற்றுவிட்டது.

தனியாட்டம் ஒன்று அணியாட்டமாக மாறுவது எவ்வாறு? அதன் விதிமுறை எளியது. ஆனால் ஆழ்ந்த நுட்பம் வாய்ந்தது. இரண்டு கல்லூரிகள் மோதும் ஒரு நாளில் மொத்தம் ஏழு புள்ளிகள் உள்ளன. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. அவற்றுள் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பின்னர் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு புள்ளி. நான்கு புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெற்றி பெறுகிறது. பெண்கள் அணிகளுக்கும் இதே கணக்குத்தான்.

ஆறு ஆட்டக்காரர்களும் அவரவர் ஆற்றலுக்கேற்ப வரிசைப்படுத்தப்படுகின்றனர். வலிமை மிக்கவர் முதல் ஆடுகளத்தில். அவருக்கு அடுத்தவர் இரண்டாவதில். இவ்வாறே ஆறாவது வரை. எளிதாகப் புள்ளி பெறும் பொருட்டு வலியவரைக் கீழே இறக்கி வைப்பது விதிக்கு மாறானது. முதல் ஆடுகளத்தில் ஆடுபவர் பிற்காலத்தில் உலகப் புகழ் பெறக்கூடியவர். பார்வையாளர்களின் கண்களும் நிழற்படக் கருவிகளும் அவரையே நாடும். ஆறாம் ஆடுகளத்தில் ஆடுபவரின் பெயர் அதே கல்லூரியில் பயில்வோர் பலருக்கும் தெரியாது. ஆனால் கணக்கில் இருவரும் ஈட்டுவது ஒரே ஒரு புள்ளிதான். உலகப் புகழ் பெறப்போகிறவரின் வெற்றிக்கு ஒன்றரைப் புள்ளியும் இல்லை. பெயர் அறியாதவரின் வெற்றிக்கு அரைப் புள்ளியும் இல்லை. அணியென்னும் கருத்து முழுவதும் இந்தச் சமநிலையில் அடங்கியுள்ளது எனலாம்.

ஆட்டத்தின் வேகமும் காலத்துக்கேற்ப மாறியுள்ளது. முற்காலத்தில் ஆறு ஒற்றையரும் மூன்று இரட்டையருமாக ஒன்பது புள்ளிகளுக்கு மோதினர். பொழுது சாயும் வரை ஆட்டம் நீண்டது. 2015 ஆம் ஆண்டு முதல், முதல் பிரிவுக் கல்லூரிகளின் இரட்டையர் ஆட்டம் ஆறு கேம்கள் கொண்ட ஒரே செட்டாகச் சுருங்கியது. 40-40 எனச் சமநிலை ஏற்பட்டால் அடுத்த ஒரே புள்ளி அந்தக் கேமை முடித்துவைக்கும் முறையும் அப்போதே வந்தது. மீண்டு எழுவதற்கு இருந்த கால இடைவெளி குறைந்துவிட்டது. மனம் சற்றே தளர்ந்தாலும் கேம் கைநழுவிப் போகிறது.

இம்முறையில் மற்றொரு கொடுமையும் உண்டு. அதனைக் கருணை என்றும் சொல்லலாம். நான்காவது புள்ளி கிடைத்தவுடன் எஞ்சிய ஆடுகளங்களில் நடைபெறும் ஆட்டங்கள் அப்படியே நிறுத்தப்படுவது வழக்கம். இரண்டு மணி நேரம் போராடி வெற்றியின் விளிம்புக்கு வந்தவனின் உழைப்பு, முடிவுறாத ஆட்டம் என்ற ஒரே குறிப்போடு நின்றுவிடுகிறது. தோல்வியின் வாயிலில் நின்றவனும் அதே குறிப்பினால் தப்பித்துக்கொள்கிறான். தனியாட்டக்காரனாக மட்டும் வளர்ந்தவனுக்கு இது பெருத்த ஏமாற்றம். தன் ஆட்டம் முடியவில்லையே என்று வருந்துவானா? தன் அணி வென்றதே என்று மட்டையை வீசிவிட்டு ஓடுவானா? அந்த நொடியில் அவன் முகத்தைப் பார்த்தே அவன் எத்தகைய மாணவன் என்பதைப் பயிற்றுநர் கண்டுகொள்வார்.

இனி, பருவத் தொடக்கப் போட்டியின் அமைப்பைக் காணலாம். அமெரிக்கக் கல்வியாண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அந்தக் காலப்பகுதியில் மாணவர்கள் பெரும்பாலும் தனிநபர் போட்டிகளிலேயே ஆடுவர். புத்தாண்டு பிறந்த பின்னரே அணிப்போட்டிகளுக்குரிய பருவம் தொடங்குகிறது. 1956 ஆம் ஆண்டில் பயிற்றுநர்களால் தொடங்கப்பெற்ற கல்லூரிகளிடை டென்னிஸ் சங்கம், 2009 ஆம் ஆண்டில் சனவரித் திங்களின் ஒரு வார இறுதியைப் பருவத் தொடக்கத்துக்கென ஒதுக்கியது. நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களில், ஓரிடத்துக்கு நான்கு அணிகள் என்ற கணக்கில் அவை கூடுகின்றன. முதல் நாள் இரண்டு மோதல்கள். மறுநாள் வென்ற இரு அணிகளும் மோதுகின்றன. தோற்ற இரு அணிகளும் தம்முள் மோதுகின்றன. ஒவ்வோரிடத்திலும் முதலிடம் பெறும் அணி, பிப்ரவரித் திங்களில் நிகழும் தேசிய உள்ளரங்க அணிப் போட்டிக்குத் தகுதி பெறுகிறது.

சனவரியில் அந்நாட்டின் வடபகுதி முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கும். அக்காலத்தில் ஆட்டம் உள்ளரங்கத்தில்தான் நடைபெற முடியும். உயர்ந்த கூரையின் கீழ் ஆடுகளங்கள் அடுத்தடுத்து வரிசையாக அமைந்திருக்கும். வெயிலும் காற்றும் இல்லாத அந்த அரங்கில் பந்து விரைந்து பாயும். ஒவ்வோர் அடியின் ஓசையும் கூரையில் மோதித் திரும்பும். பொதுவான டென்னிஸ் போட்டிகளில் பார்வையாளர்கள் மௌனம் காப்பது மரபு. கல்லூரிப் போட்டியில் அந்த மரபு செல்லாது. ஒரு களத்தில் ஆடிக்கொண்டிருப்பவன், பக்கத்துக் களத்தில் தோழன் ஈட்டிய புள்ளிக்காக உரத்துக் குரல் கொடுக்கிறான். பயிற்றுநர் களத்துக்குள்ளேயே நடந்து சென்று, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் மாணவனின் காதருகே அறிவுரை சொல்கிறார். தனிமையில் வளர்ந்தவன் தன்னைச் சுற்றி இத்தனை குரல்களை முதன்முறையாகக் கேட்கிறான்.

அக்குரல்களுள் ஆடாதவர்களின் குரலும் உண்டு. அணியில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ இருக்கலாம், களமிறங்குவோர் சிலரே. ஏழாம் இடத்தில் இருப்பவன், ஆறாம் இடத்தில் இருப்பவனைவிட ஓரிரு அடிகளில் மட்டுமே குறைந்தவனாக இருக்கக்கூடும். கடந்த வாரப் பயிற்சியில் அவனை வென்றவனாகவும் இருக்கக்கூடும். எனினும் அவன் களத்தின் ஓரத்தில் நின்று தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவனின் வெற்றிக்காகக் கைதட்ட வேண்டியவன். மட்டை பிடிப்பதைக் காட்டிலும் கடினமான பயிற்சி இது.

உதவித்தொகையும் இதில் கலந்துள்ளது. நெடுங்காலமாக, முதல் பிரிவைச் சேர்ந்த ஆடவர் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நான்கரை முழு உதவித்தொகைகளுக்கு மேல் வழங்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. பெண்கள் அணிக்கு எட்டு. 2025 ஆம் ஆண்டில்தான் இந்த வரம்பு முறை மாற்றியமைக்கப்பட்டது. நான்கரையை எட்டுப் பேருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது எவ்வளவு? முதல் ஆடுகளத்து மாணவனுக்குப் படிப்புச் செலவு முழுவதும் கிடைத்திருக்கலாம். ஆறாம் ஆடுகளத்து மாணவனின் பெற்றோர் கடன் வாங்கியும் அவனைப் படிக்க வைத்திருக்கலாம். ஆனாலும் மூன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஆறாம் ஆடுகளம் மட்டும் எஞ்சியிருக்குமானால், அணி முழுவதன் நம்பிக்கையும் அவன் தோள்மீது வந்து அமர்ந்துவிடுகிறது.

அந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மற்ற ஐந்து ஆட்டங்களும் முடிந்துவிட்டன. வென்றவர்களும் தோற்றவர்களும் வியர்வை உலராத நிலையில் ஆறாம் ஆடுகளத்தின் பக்கம் வந்து நிற்கின்றனர். இதுவரை எவரும் திரும்பிப் பாராத அந்த மூலைக்கு அரங்கம் முழுவதும் இடம் மாறிவிட்டது. மூன்றாவது செட், 40-40. எதிராளி அடித்த பந்து கோட்டை நோக்கி விரைகிறது. பின்னோக்கி ஓடியவன் அதனை எட்ட முடியவில்லை. பந்து கோட்டின் வெளிவிளிம்பில் பட்டதா, அன்றி ஓர் இழை தள்ளி விழுந்ததா? இதனை மிக அருகில் கண்டவன் அவன் ஒருவனே. இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டியவனும் அவனே.

கல்லூரி டென்னிஸின் மிக அரிய பண்பு இதுதான். உலகப் பெரும் போட்டிகளில் கோட்டு நடுவர்கள் இருந்தனர். இப்போது அவர்கள் இடத்தை மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுள்ளன. கல்லூரி ஆட்டத்திலோ தன் பக்கத்துக் கோடுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆட்டக்காரனிடமே விடப்பட்டது. பந்து உள்ளே விழுந்ததென்றால் உள்ளங்கையைத் தரை நோக்கி விரித்துக் காட்டுவான். வெளியே என்றால் ஒரு விரலை உயர்த்துவான். ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிராளிக்கே சேர வேண்டும் என்பது விதி. தெளிவாகக் காணாத பந்தும் உள்ளே விழுந்த பந்தாகவே கொள்ளப்படும். மேற்பார்வை நடுவர்கள் உண்டு; அவர்கள் தவறான தீர்ப்பை மாற்றலாம்; மீண்டும் மீண்டும் தவறினால் தண்டிக்கலாம். சில கல்லூரிகளில் படக்கருவிகளும் துணைக்கு வந்துள்ளன. ஆயினும் முதற்சொல் ஆட்டக்காரனின் சொல்லே.

தனக்காக மட்டும் ஆடிய நாள்களில் அவன் நேர்மையாக இருந்திருக்கக்கூடும். தனக்காகப் பொய் சொல்வது இழிவு என்பதை எந்த நல்ல இளைஞனும் உணர்வான். ஒரு புள்ளிக்காகத் தன் மானத்தை விற்பதா என்று அவன் உள்ளமே அவனைத் தடுக்கும். ஆனால் இப்போது அவன் தனக்காக ஆடவில்லை. அவனுக்குப் பின்னால் எட்டுத் தோழர்கள் கைகோத்து நிற்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு இது கல்லூரியின் கடைசி ஆண்டு. இன்னொருவன் காய்ச்சலோடு ஆடி ஒரு புள்ளியை ஈட்டித் தந்திருக்கிறான். இவர்களுக்காக ஒரு விரலை உயர்த்தினால் என்ன? தனக்காகச் சொல்லும் பொய் களவாகத் தோன்றும். தோழர்களுக்காகச் சொல்லும் பொய்யோ தியாகம் போலத் தோன்றும். இங்கேதான் பெரும் இடர் மறைந்திருக்கிறது.

ஒற்றுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒற்றுமையே அறத்துக்குப் பகையாக வந்து நிற்கும் தருணங்களும் உண்டு. குடும்பத்துக்காக, ஊருக்காக, தம்மவர்க்காக என்று சொல்லிக்கொண்டு மனிதர் செய்யும் தவறுகள், தமக்காகச் செய்யும் தவறுகளைக் காட்டிலும் குறைந்தவையல்ல. தன்னலத்தை எதிர்த்து நிற்கப் பழகியவனும் கூட்டுநலத்தின் முன்னே தளர்ந்துவிடுகிறான். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதன் காரணம் இத்தகைய தருணங்களில் நன்கு விளங்குகிறது. பகைவனிடம் நடுநிலை காட்டுவதைவிட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பகைவனுக்கு உரியதை அவனுக்குக் கொடுப்பது கடினம்.

இந்த இடரைக் கல்லூரி டென்னிஸை நடத்துவோர் அறியாதவர் அல்லர். ஒரு சிறு விதியே அதற்குச் சான்று. டென்னிஸ் ஆட்டத்தில் சர்வீஸ் பந்து வலையின் மேல்விளிம்பைத் தொட்டு உரிய கட்டத்தில் விழுந்தால், அதனை மீண்டும் போடுவது பொதுவிதி. எதிராளி எட்ட முடியாத பந்தைப் போட்டவுடன், அது வலையைத் தொட்டது என்று சிலர் பொய்யாகக் குரலெழுப்பும் வழக்கம் தலைதூக்கியது. தொட்டதா இல்லையா என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? ஆகவே முதல் பிரிவு ஆடவர் கல்லூரி ஆட்டத்தில் அந்தப் பொதுவிதியே நீக்கப்பட்டது. அங்கே வலையைத் தொட்டு விழும் சர்வீஸ் பந்தும் ஆட வேண்டிய பந்தே. சிலர் பொய் சொன்னதால் எல்லாரும் ஒரு விதியை இழந்தனர். நம்பிக்கை குறையும் இடத்திலெல்லாம் விதி வந்து நிற்கும் என்பதற்கு இஃது ஓர் எளிய எடுத்துக்காட்டு.

தனிமனிதனுக்கும் அணிக்கும் இடையிலுள்ள உறவை விளக்க வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் வரலாறு பெரிதும் துணை செய்யும். 1819 ஆம் ஆண்டில் தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய அப்பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாட்டோடு ஒரு சிறு தொடர்பும் உண்டு. குவஹாத்தியில் 1985 ஆம் ஆண்டில் பிறந்து, சிறுவயதில் சென்னைக்கு வந்து, அந்நகரிலேயே கல்வியும் ஆட்டமும் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் அங்கே மாணவராகச் சேர்ந்தார். 2007 ஆம் ஆண்டின் கல்லூரி ஒற்றையர் வாகையர் போட்டி, ஜார்ஜியா பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஏதென்ஸ் நகரில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவரான ஜான் இஸ்னரைச் சந்தித்தார். ஆறே முக்கால் அடிக்கும் மேலான உயரம் கொண்ட இஸ்னர், பின்னர் 2010 ஆம் ஆண்டில் விம்பிள்டனில் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் நீடித்த ஆட்டத்தை வென்று பெயர் பெற்றவர். அவரை அவர் ஊர் மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே, மூன்று செட்களில் தேவ்வர்மன் வென்றார்.

தனியாட்டக்காரர் ஒருவர் அடையக்கூடிய உச்சம் அது. ஆனால் அவ்வாண்டின் அணிப்பட்டம் தோற்றவரின் கல்லூரியான ஜார்ஜியாவுக்கே கிடைத்திருந்தது. ஒற்றையர் கோப்பை ஒருவர் கையில். அணிக்கோப்பை மற்றவர் கையில். எது பெரிது என்று வெளியே நிற்பவர் தீர்ப்புச் சொல்ல இயலாது. அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரியில், சியாட்டில் நகரில் நடைபெற்ற தேசிய உள்ளரங்க அணிப் போட்டியில் வர்ஜீனியா வாகை சூடியது. அப்பல்கலைக்கழகத்தின் ஆடவர் டென்னிஸ் அணி பெற்ற முதல் தேசியப் பட்டம் அதுவே. அந்த வெற்றியில் முதல் ஆடுகளத்து வீரருக்குப் பங்கு உண்டு. அவரோடு ஆடிய மற்றவர்களுக்கும் அதே அளவு பங்கு உண்டு. அவ்வாண்டும் ஒற்றையர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட தேவ்வர்மன், பின்னர் 2010 ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார்.

பருவத் தொடக்க வெற்றியின் பொருள் என்ன என்பதையும் அதே அணியின் கதை உணர்த்துகிறது. 2008, 2009, 2010, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தொடர்ந்து உள்ளரங்கப் பட்டத்தை வர்ஜீனியாவே வென்றது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு முறையேனும் மே மாதத் தேசியப் பட்டம் அதற்குக் கிட்டவில்லை. 2011 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. 2012 ஆம் ஆண்டிலும் இறுதிப் போட்டியில் அதே அணியிடம் தோற்றது. பிப்ரவரியில் முதல்வராக நிற்பவர் மே மாதத்திலும் முதல்வராக நிற்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முதல் பருவத் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவன் இறுதித் தேர்வில் தடுமாறுவதை ஆசிரியர்கள் கண்டதில்லையா? தொடக்கத் தேர்வு தரத்தைக் காட்டும், முடிவைக் காட்டாது.

2013 ஆம் ஆண்டில் மீண்டும் இறுதிப் போட்டி. இம்முறை எதிரணி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணி. மூன்றுக்கு மூன்று. எஞ்சியது ஒரே ஓர் ஆட்டம். வர்ஜீனியாவின் மிட்செல் ஃபிராங்க் மூன்றாவது செட்டில் பின்தங்கிவிட்டார். இன்னும் ஒரு புள்ளி எதிராளிக்குச் சென்றால் எல்லாம் முடிந்துவிடும். வலைக்கு அருகே விரைந்து வந்த எதிரணி வீரர், எவரும் எட்ட முடியாத இடத்தில் பந்தை அடித்துவிட்டார். ஆனால் வந்த வேகத்தில் அவர் வலையைத் தொட்டுவிட்டார் என்பது தீர்ப்பாயிற்று. ஆட்டத்தின்போது வலையைத் தொடுபவர் அந்தப் புள்ளியை இழப்பார் என்பது விதி. முடிந்துபோனதாகத் தோன்றிய ஆட்டம் உயிர்பெற்றது. ஃபிராங்க் அந்த செட்டை ஏழுக்கு ஐந்து என்று வென்றார். வர்ஜீனியா தன் முதல் தேசிய வாகையர் பட்டத்தைப் பெற்றது.

வலையைத் தொட்டவர் வேண்டுமென்றே தொடவில்லை. ஓட்டத்தின் விசை அவரைக் கொண்டு சென்றது. அவர் ஆற்றலில் குறையில்லை. அவர் முயற்சியிலும் குறையில்லை. இருப்பினும் ஓர் அணியின் ஓராண்டு உழைப்பு ஒரு நூல்வலையின் தொடுகையில் திசை மாறிவிட்டது. விதியை விதியாக ஏற்றுக்கொள்ளும் மனம் அத்தகைய வேளையில் எங்கிருந்து வரும்? மே மாதத்தில், பல்லாயிரம் கண்களுக்கு முன்னே, திடீரென்று தோன்றிவிடுமா? தோன்றாது. எவரும் பாராத சனவரி மாதத்து உள்ளரங்கில், தோற்றாலும் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிவிடாத போட்டியில், உள்ளங்கையைத் தரை நோக்கி விரித்துப் பழகிய கைக்கே அந்த மனம் வாய்க்கும்.

ஆகவே பருவத் தொடக்கப் போட்டியில் உண்மையாகச் சோதிக்கப்படுவது ஆட்டத் திறன் மட்டுமன்று. இலையுதிர் காலத்தில் ஒழுங்காகப் பயின்றவன் யார், உணவிலும் உறக்கத்திலும் கட்டுப்பாடு இழந்தவன் யார் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இரட்டையர் ஆட்டத்துக்கு யாருடன் யாரைச் சேர்ப்பது என்பதும் ஓரிரு போட்டிகளில் தெளிவாகிவிடும். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. மே மாதத்துக்குள் திருத்துவதற்குப் போதிய காலம் உண்டு. ஆனால் ஐயத்தின் பயனை எதிராளிக்கு அளிக்கும் பழக்கத்தை ஏப்ரலில் புதிதாகக் கற்பிக்க முடியாது. அது முதல் நாளிலேயே வேரூன்ற வேண்டியது.

மீண்டும் அந்த ஆறாம் ஆடுகளம். பந்து கோட்டின் விளிம்பில் பட்டதைக் கண்டவன் கையை எந்தப் பக்கம் திருப்புவான்? அவன் உள்ளங்கை தரையை நோக்கி விரிகிறது என்று கொள்ளலாம். புள்ளி எதிராளிக்கு, கேம் எதிராளிக்கு, சற்று நேரத்தில் ஆட்டமும் எதிராளிக்கு. அணி தோற்றுவிட்டது. வலையருகே சென்று கைகுலுக்கிவிட்டுத் திரும்புகிறான். அவனுடைய தோழர்கள் எதிரே நிற்கின்றனர். ஒரு சொல்லும் பேசாமல் அவன் தன் பையை எடுக்கக் குனிகிறான். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதில்தான் அந்த அணியின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. அவர்கள் முகம் திருப்பிக்கொண்டால், அவன் அடுத்த முறை விரலை உயர்த்தக் கற்றுக்கொள்வான். ஒருவன் முன்வந்து அவன் பையைத் தூக்கிக்கொண்டால், அந்த அணி எதையும் இழந்துவிடவில்லை.

இதில் பயிற்றுநரின் பங்கும் பெரிது. தோல்விக்குப் பின் அவர் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பந்து உண்மையில் உள்ளேதான் விழுந்ததா என்பதாக இருந்தால், மாணவர் அதன் உட்பொருளை எளிதில் புரிந்துகொள்வர். மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் கேட்கும் வீட்டில், அதனை எவ்வாறு பெற்றாய் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது அல்லவா? வெற்றியை மட்டும் எதிர்பார்க்கும் அணியில் உண்மைக்கு இடம் சுருங்கிவிடும். உண்மையையும் எதிர்பார்க்கும் அணியிலோ வெற்றி காலம் தாழ்ந்தேனும் வரும். வாராது போயினும் அந்த அணி சிறுமைப்படாது.

பருவத் தொடக்கப் போட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முதல் நாள் தோற்ற அணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதில்லை. மறுநாள் அதே அரங்கில், தோற்ற மற்றோர் அணியோடு அது மீண்டும் ஆட வேண்டும். கோப்பை இல்லை, உள்ளரங்கப் போட்டிக்கான வாய்ப்பும் இல்லை. பார்வையாளர்களும் குறைந்திருப்பர். எனினும் ஏழு புள்ளிகள் உண்டு. ஆறு ஆடுகளங்கள் உண்டு. முந்திய நாள் இரவு உறக்கம் வராமல் புரண்டவன், மறுநாள் தன் மட்டையை எடுத்துக்கொண்டு அரங்கின் கோடியிலுள்ள அதே ஆடுகளத்துக்கு நடக்கிறான். ஏழாம் இடத்துத் தோழன் களத்தின் ஓரத்தில் வந்து நின்று அவன் பெயரைச் சொல்லி உரத்துக் குரல் கொடுக்கிறான். அவன் சர்வீஸ் போடப் பந்தை உயர எறிகிறான். இப்போது அவன் தனியாக ஆடவில்லை.